காலிப்பருக்குச் சிவப்பு பெயின்ட்

இன்று அரசியலும் இல்லை, பழைய பள்ளிக்கூடக் கதையும் இல்லை. கார் பிரேக் காலிப்பருக்கு வீட்டிலேயே பெயின்ட் அடிப்பது பற்றி எழுதப் போகிறேன். சிரிக்க வேண்டாம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

சனி, ஞாயிறுகளில் கொல்லிமலைக்கு ஏறி வரும் கார்களைக் கவனித்தால், அலாய் வீலின் இடுக்கில் சிவப்பாக ஒன்று எட்டிப் பார்க்கும். அதுதான் காலிப்பர். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் பேட் வைத்துக் கவ்விப் பிடிக்கிற சாதனம். போர்ஷே கம்பெனி தன் செராமிக் பிரேக் உள்ள கார்களுக்கு மஞ்சள் காலிப்பர் கொடுக்கிறது. அங்கே நிறத்துக்கு ஓர் அர்த்தம் உண்டு. நம்ம ஊர் ஸ்விஃப்ட்டில் சிவப்புக்கு அர்த்தம் ஏதும் கிடையாது, அழகுக்குத்தான். அழகு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்விஃப்ட் வாங்கியிருக்கிறான். மனைவிக்கு ஏழாம் மாதம். செக்கப்புக்கு நாமக்கல் போய் வர வேண்டும். போன மாதம் ஒரு ஸ்பிரே டின்னோடு பெரக்கரை நாட்டில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான்.

"சார், உங்க ஜாக்கி குடுங்க. வீலை மட்டும் கழட்டிட்டு மேலாப்புல அடிச்சுடறேன். அரை மணி நேர வேலைதாங்க."

"அடிக்கறதுன்னா முழுசா அடிப்போம் கண்ணு. ஒரு நாள் ஆகும், இருந்துட்டுப் போ" என்றேன்.

நான் அறிவியல் வாத்தியார். ஒன்பதாம் வகுப்பில் நிலை ஆற்றல் நடத்தும்போது எங்கள் மலையைத்தான் கணக்காகப் போடுவேன். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட 1 கோடியே 18 லட்சம் ஜூல். அறை வெப்பத்தில் இருக்கும் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காரவள்ளி போய்ச் சேருவதற்குள் அந்தச் சூடு முழுவதும் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? எஞ்சினும் காற்றும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். 70 கொண்டை ஊசி வளைவிலும் நியூட்ரலில் விட்டுப் பிரேக்கை மிதித்தே இறங்குகிறவனுக்கு, பெரும்பங்கு முன்சக்கரத்து டிஸ்க்கிலும் பேடிலும்தான் இறங்கும். ஏறுகிற கியரிலேயே இறங்கு என்று லாரி டிரைவர்கள் சொல்வது இந்தக் கணக்கைத்தான். அடிவாரத்தில் கருகல் வாசனையோடு நிற்கும் கார்களை ஆடிப் பதினெட்டுக் கூட்டத்தில் நிறையப் பார்க்கலாம். சிலர் சூடான சக்கரத்தில் பாட்டில் தண்ணீரை ஊற்றுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், டிஸ்க் கோணும், விரிசலும் விடலாம்.

வேலைக்கு வருகிறேன். எங்கள் ஊரில் சமதளம் கிடைப்பதே கஷ்டம். மிளகு காயப்போடும் சிமென்ட் களத்தில் வண்டியை நிறுத்தினோம். பின்சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை. ஜாக்கியில் தூக்கியதும் அடியில் ஸ்டாண்டு. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்குக் கீழே கை வைக்கக் கூடாது.

காலிப்பரின் போல்ட்டைக் கழற்றி, அதை ஒரு கம்பியால் மேலே ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டோம். பிரேக் ஆயில் வரும் ரப்பர் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளே கிழியும், வெளியே தெரியாது. அந்த ஹோஸைக் கழற்றவே இல்லை. பேடை உருவினேன்.

வெளிப்பக்க பேடில் பாதிக்கு மேல் இருந்தது. உள்பக்க பேடில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் கனம்கூட இல்லை.

காலிப்பர் இரண்டு பின்களின் மேல் முன்னும் பின்னும் நகர வேண்டும். அப்போதுதான் இரண்டு பேடும் ஒரே அளவு பிடிக்கும். கீழ்ப் பின்னின் ரப்பர் உறை கிழிந்து, எங்கள் மலையின் மழையும் பனியும் உள்ளே போய்த் துரு பிடித்து, பின் இறுகிக் கிடந்தது. முன்பு பேட் மாற்றிய பட்டறையில் கிரீஸ் வைத்த அடையாளமே இல்லை. பையன் அந்த பேடைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "புதன்கிழமைதான் சார் அவளைக் கூட்டிட்டு இறங்கினேன்" என்றான்.

அன்று பெயின்ட் அடிக்கவில்லை. மறுநாள் பஸ்ஸில் போய்ப் புது பேட் செட், பின், ரப்பர் உறை, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ், சீல் உடைக்காத டாட் 4 பிரேக் ஆயில் வாங்கி வந்தான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அது 155 வரைகூட இறங்கலாம். கொதித்தால் ஆவி குமிழாகும், பெடல் பஞ்சாகிவிடும். ஆயில் மாற்ற ஒரு மெக்கானிக்கை வரவழைத்தோம். அதை நான் கற்றுக்கொடுக்க மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் பெயின்ட். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, பிரேக் கிளீனரால் துடைத்தோம். பேட் தூசியை வாயால் ஊதக் கூடாது, ஈரத்துணிதான். பிஸ்டன் ரப்பர், பின் துளை, பேட் உட்காரும் இடம், காற்று எடுக்கும் நிப்பிள், டிஸ்க் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டினோம். வெப்பம் தாங்கும் பெயின்ட்தான் வேண்டும், கேட்டுக்கு அடிக்கும் எனாமல் கருகிவிடும். மெல்லிசாக மூன்று கோட்டிங். மலைப்பனியில் சீக்கிரம் காயாது, ராத்திரி முழுக்க விட்டோம். பிரேக் ஆயில் ஒரு சொட்டு பட்டாலும் பெயின்ட் உரியும், பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

எல்லாம் மாட்டியதும், வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை நாலைந்து தடவை மிதிக்க வேண்டும். முதல் மிதி தரை வரை போகும்.

சிவப்பு அடித்ததில் எனக்குப் பிடித்த ஒரு பயன் உண்டு. ஒரு பக்கம் மட்டும் நிறம் பழுப்படித்தால், அந்தப் பக்கம் பிரேக் விடாமல் உரசிச் சூடாகிறது என்று சந்தேகப்படலாம். மலையை இறங்கி நிறுத்தியதும் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இதுவரை இரண்டும் ஒரே சிவப்பு.

டின்னில் பாதி பெயின்ட் மிச்சம் இருக்கிறது. ஸ்டாண்டும் கட்டையும் என்னிடமே உண்டு. அக்கம்பக்கத்தில் யாருக்காவது வேண்டுமென்றால் காலையிலேயே வாருங்கள், மிளகு காயாத நாளாகப் பார்த்து.