ஓடும் விளையாட்டுக்கு ஒரு கையேடு



கடந்த சில வாரங்களாக எங்கள் கணினிக் கழக மாணவர்களுக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். மைன்கிராப்ட் விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்று அதனுள் நுழைந்து, நடந்து, தோண்டி, கட்டுவதற்கு வழிசெய்யும் கருவிக்கான கையேடு அது. கருவியைச் செய்தவன் என் அக்காள் மகன். மைன்பிளேயர் என்னும் திறந்த மூல நிரலகத்தின்மேல் எழுப்பியிருக்கிறான். 2023ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் ஜிபிடி-4ஐக் கொண்டு உருவாக்கிய வொயேஜர் என்ற முகவரும் இதே நிரலகத்தின் வழியாகத்தான் அவ்வுலகில் உலவியது. “நிரல் என் வேலை, விளக்கம் உங்கள் வேலை, மாமா” என்று சொல்லிவிட்டான்.

பொதுவாகக் கையேட்டை எவரும் படிப்பதில்லை. பொருள் பழுதான பின்னரே அதைத் தேடுவோம். இந்தக் கையேட்டின் நிலை வேறு. முகவர் கருவியின் நிரலைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கட்டளையின் பெயர், அதற்கான விளக்கம், கொடுக்கவேண்டிய உள்ளீடுகள் ஆகிய மூன்றை மட்டுமே பார்த்து, எதை எப்போது பயன்படுத்துவது என்று முடிவு செய்கிறது. வொயேஜரும் தான் கற்ற திறன்களை நிரலாகச் சேமித்து, அவற்றின் விளக்கங்களைக் கொண்டே மறுமுறை தேடி எடுத்தது. ஆக, நான் எழுதும் சொற்றொடர் கருவியின் ஓர் உறுப்பாகிவிடுகிறது.

விளக்கங்களை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு மாணவர்களுக்கு மட்டும் தமிழ்ப்படி தரலாம் என்றான் அவன். தமிழ் எழுத்துகளுக்குச் செலவு கூடுதல் என்பது அவன் வாதம். அஃது உண்மையே. ஆனால் இரண்டு படிகள் இருந்தால் ஒன்றைத் திருத்துவோம், மற்றதை மறப்போம். முகவர் படிப்பதையே மாணவனும் படிக்கட்டும் என்றேன். தமிழ் விளக்கத்தைக் கொடுத்துப் பார்த்தோம்; முகவர் தடுமாறவில்லை.

தடுமாறியது சொல்லில்தான். மைன்பிளேயரில் ‘டிக்’ என்று ஒரே கட்டளை. நாமோ மண்ணைத் தோண்டுவோம், மரத்தை வெட்டுவோம், கல்லை உடைப்போம். மூன்றையும் தழுவ ‘பெயர்த்தெடு’ என்று முதலில் எண்ணினேன். ஆனால், ‘எடு’ என்றால் கையில் வந்துவிட வேண்டுமே! அவ்வுலகில் வெறுங்கையால் கல்லை உடைத்தால் கல் மறையும், கையில் எதுவும் சேராது. அதற்குக் குந்தாலி வேண்டும். கருவி ‘முடிந்தது’ என்று மறுமொழி தரும். முகவரும் கல் கிடைத்ததாக நம்பி அடுத்த வேலைக்குப் போய்விடும். எனவே ‘உடை’ என்று பெயரிட்டு, ‘உடைத்தபின் கைப்பொருள் பட்டியலைச் சரிபார்க்க’ என்று சேர்த்தேன். அக்காள் மகனும் ஒரு படி மேலே போய், மறுமொழியிலேயே கிடைத்த பொருளைக் காட்டுமாறு நிரலை மாற்றிவிட்டான்.

அச்சுகளுக்கும் இப்படி ஒரு வரி தேவைப்பட்டது. மாணவர்கள் தாளில் வரையும்போது ஒய் அச்சு பக்கத்தின் மேற்புறம் நோக்கிச் செல்லும். வரைபடப் பழக்கத்தில் அதை வடக்கு என்று கொள்வார்கள். இவ்விளையாட்டில் ஒய் என்பது உயரம். எக்ஸ் கூடினால் கிழக்கு, இசட் கூடினால் தெற்கு.

காலத்தைப் பற்றித்தான் மிகுதியாக எழுதினேன். சதுரங்கம் நம் நகர்வுக்குக் காத்திருக்கும். மைன்கிராப்ட் காத்திராது. நொடிக்கு 20 துடிப்புகள், 20 நிமிடங்களில் ஒரு முழு நாள். முகவர் பத்து நொடி சிந்தித்தால் உலகம் 200 துடிப்புகள் நகர்ந்திருக்கும். அதற்குள் இருட்டலாம், பேயுருவம் ஒன்று அருகே வந்து நிற்கலாம். சற்று முன் கண்ட நிலை இப்போதைய நிலையன்று என்பதை ஒவ்வொரு கட்டளையின் கீழும் எழுதியிருக்கிறேன். சலிப்பூட்டும் திரும்பக் கூறல்தான், இருப்பினும் நீக்கப்போவதில்லை.

பெற்றோர்க்கென்று தனியாக ஒரு பக்கம் உண்டு. பிள்ளை மாதக்கணக்கில் கட்டிய உலகத்தில் இதை நேரே விடக்கூடாது. முதலில் அவ்வுலகின் படி ஒன்றை எடுத்து, முகவரை அந்தப் படியில்தான் விடவேண்டும். அதற்கு நிருவாகி உரிமை தரலாகாது. இன்னொன்று, முகவர் விளையாட்டின் உரையாடலையும் வாசிக்கிறது. அங்கே வேறொரு விளையாட்டாளர் ‘அந்த வீட்டை இடித்துவிடு’ என்று எழுதினால், அதையும் தனக்கிட்ட பணியாக அது எடுத்துக்கொள்ளக்கூடும். ஆதலால் தெரிந்த பிள்ளைகள் மட்டும் கூடும் உள்வலையமைப்பில் ஆடுவதே நன்று.

‘நிறுத்து’ கட்டளைக்கான பகுதி மட்டும் எஞ்சியிருக்கிறது. பாதி கட்டிய சுவரை விட்டு முகவர் உடனே நிற்க வேண்டுமா, கையிலிருக்கும் கல்லை வைத்துவிட்டு நிற்க வேண்டுமா? உடனே நிற்க வேண்டும் என்பது என் கருத்து. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி மறுக்கிறாள். வரும் சனிக்கிழமை இரண்டையும் ஓட்டிப் பார்க்கப்போகிறோம்.