மூன்று புள்ளிகள்

தமிழ் படித்தவனைக் கணினி வேலைக்கு அழைக்க மாட்டார்கள் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். சென்ற பருவத்தில் இடைநின்ற மாணவர்களைப் பற்றிய அறிக்கை என் தலையில் விழுந்தது. எக்செல் கோப்பைப் பவர் பிஐ மென்பொருளில் ஏற்றி, நிர்வாகக் குழு திரையில் பார்க்கும்படி அட்டவணையாக்கித் தர வேண்டும். வடிவத்தை எனக்கு முன் ஒருவர் அமைத்து வைத்திருந்தார்.

பெயர், துறை, வருகை விழுக்காடு, கடைசியில் 'காரணம்'. எண்கள் ஒழுங்காக வலப்பக்கம் ஒதுங்கி நின்றன. காரணம் என்ற நெடுவரிசையிலோ 'குடும்பச் சூழல் கார…' என்று பதினோரு பேருக்கும் ஒரே வாசகம். அதே மூன்று புள்ளிகள்.

இந்தப் புள்ளிகளோடு எனக்குப் பழைய உறவு உண்டு. புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவற்றையடுத்து வரும் பாடல்கள் பலவற்றில் அடிகள் சிதைந்திருக்கின்றன. அச்சுப் பதிப்பில் அவ்விடங்களில் புள்ளிகள் நிற்கும். இங்கே சொல் இருந்தது, எனக்குக் கிடைக்கவில்லை என்று பதிப்பாசிரியர் ஒப்புக்கொள்ளும் குறி அது. வகுப்பில் அந்த இடம் வந்தால் ஒரு கணம் நிறுத்தித்தான் வாசிப்பேன். திரையில் நின்றவை வேறு வகைப் புள்ளிகள். சொல் தொலையவில்லை, உள்ளேயே இருக்கிறது. வரிசைகள் ஒரே உயரத்தில் அழகாக நிற்கட்டும் என்று யாரோ மறைத்திருக்கிறார்கள்.

ஃபார்மட் பலகத்தில் 'வேல்யூஸ்' பகுதிக்குள் 'டெக்ஸ்ட் ராப்' அணைக்கப்பட்டிருந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆயிற்று. (என் மகள் இரண்டு நிமிடம் என்றாள்.) அதை இயக்கி, அகலத்தைத் தானாக அமைக்கும் வசதியை நிறுத்தி, நெடுவரிசையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். வரிசைகள் நெருக்கியடித்து நின்றதால் இடைவெளியைச் சற்றுக் கூட்டினேன். ஒரு கட்டத்துக்குள் ஒரு சொல்லை மட்டும் தடித்த எழுத்தாக்க வழியில்லை. ஆங்கிலத்தில் எழுதுவோர் யூனிகோடின் கணிதத் தடித்த எழுத்துகளைக் கடன் வாங்கிச் சமாளிக்கிறார்கள். தமிழுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. எந்தச் சொல்லைத் தடிப்பாக்குவது என்று நான் தீர்மானிக்க வேண்டியிராததும் நல்லதே.

வரிகள் மடிந்து இறங்கின. 'குடும்பச் சூழல் காரணமாக. அம்மாவுக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ். உடன் செல்ல ஆளில்லை.' அடுத்தது: 'குடும்பச் சூழல் காரணமாக. அண்ணன் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அழைத்துக்கொண்டார்.' நான்காவது: 'குடும்பச் சூழல் காரணமாக. திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. படிக்க விருப்பம் என்கிறார்.' அது நான் எழுதிய குறிப்பு. வகுப்பு ஆசிரியனாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதோடு மறந்துபோயிருந்தேன்.

கூட்டத்தில், திரையை உருட்ட வேண்டியிருக்கிறதே என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். 'குடும்பம்', 'பொருளாதாரம்' என்று சுருக்கினால் வட்ட விளக்கப்படமே போடலாம் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு; எண்ணிக்கை வேண்டியதுதான். வகைக்குத் தனியாக ஒரு நெடுவரிசை சேர்க்கிறேன், காரணம் முழுதாகவே இருக்கட்டும் என்றேன்.

முதல்வர் அதற்குள் நான்காவது வரிசைக்கு வந்திருந்தார். "படிக்க விருப்பம் என்கிறார் என்று எழுதியது யார்?"

"நான்தான், சார்."

"இந்தப் பெண்ணின் தொலைபேசி எண் இருக்கிறதா?"

இருந்தது. திரையில் இடம் போதாதென்று வடிவமைத்தவர் விட்டுவிட்ட நெடுவரிசைகளில் அதுவும் ஒன்று. எக்செல் கோப்பைத் திறந்தேன்.