எட்டு அறைகள்

நம் முன்னோர் திண்ணையில் ஆடிய ஆட்டங்களில் காய்களின் வல்லமை தொடக்கத்திலேயே வகுக்கப்பட்டுவிட்டது. ஆடுபுலி ஆட்டத்தில் புலிகள் 3, ஆடுகள் 15. புலிக்குத் தாவிக் கொல்லும் ஆற்றல் உண்டு; ஆட்டுக்கோ சூழ்ந்து நின்று மறிக்கும் ஆற்றல் ஒன்றுதான். ஆட்டம் முடியும்வரை ஆடு ஆடே, புலி புலியே. அரபு, பாரசீக நாடுகளில் பல நூற்றாண்டுகள் ஆடப்பெற்ற ஷத்ரஞ்சிலும் இதே நியதிதான். அங்கே அரசனுக்கு அருகில் நின்ற ‘ஃபிர்ஸான்’ என்னும் அமைச்சர், மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டுமே நகரக்கூடியவர். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் விதியை மாற்றிய பின்னரே அவர் இராணியாகிப் பலகை முழுவதும் பாயும் வலிமையைப் பெற்றார். விதியை மாற்றினார்களேயன்றி, ஆட்டத்தின் நடுவே தன் காய்க்கு இன்ன திறன் வேண்டும் என்று கேட்கும் உரிமையை ஆடுவோருக்கு யாரும் வழங்கவில்லை. சிப்பாய் எதிர்க்கரை சேர்ந்து பதவி உயர்வு பெறுவது ஒன்றே விலக்கு.

அந்த உரிமையை வழங்கும் ஆட்டம் ஒன்று இன்று நம் பிள்ளைகளின் கணினியில் நடமாடுகிறது. ‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக்’ என்பது அதன் பெயர். அமெரிக்காவின் ‘நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங்’ நிறுவனம் உருவாக்கி 1999இல் வெளிவந்த மூன்றாம் பாகத்தைப் பற்றியே இங்கே பேசுகிறோம். அதற்குப் பின் எத்தனையோ பாகங்கள் வந்தும், ஆடுவோர் பலர் இந்த மூன்றையே பற்றிக்கொண்டிருக்கின்றனர். 2015இல் இதற்குப் புதிய மெருகிட்டு மறுபடியும் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள் என்றால் அதன் செல்வாக்கை ஊகித்துக் கொள்ளலாம்.

நாமக்கல்லில் நமது தமையனாரின் இல்லத்தில், விடுமுறை நாட்களில் பிள்ளைகள் ஒரே கணினியின் முன் வரிசையாக அமர்ந்து முறை வைத்து இதனை ஆடுகின்றனர். ஒருவர் தம் நாளை முடித்து எழுந்தால் அடுத்தவர் அதே நாற்காலியில் அமர்வார். அவசரம் இல்லை. கையின் வேகத்துக்கு மதிப்பில்லை. எண்ணிப் பார்ப்பவனுக்கே மதிப்பு. நமக்கு இந்த ஆட்டத்தின்மீது பிடிப்பு ஏற்பட்டதும் அதனால்தான்.

ஆட்டத்தின் உயிர்நிலை வீரன். படை அவனோடு செல்கிறது. அவன் இன்றிப் படை ஓரடி நகராது. போர்களில் வென்று அனுபவம் பெறப் பெற அவன் படிப்படியாக உயர்கிறான். ஒவ்வொரு படியிலும் இரண்டு திறன்கள் அவன் முன் நீட்டப்படுகின்றன. ஒன்றை எடுக்க வேண்டும். இரண்டும் வேண்டாம் என்று சொல்ல இயலாது. மொத்தத் திறன்கள் 28. அவன் நெஞ்சில் இருப்பவையோ 8 அறைகள். ஒவ்வொரு திறனுக்கும் தொடக்கம், நடு, முதிர்வு என மூன்று நிலைகள். ஓர் அறையில் ஒன்று புகுந்துவிட்டால் ஆட்டம் முடியும்வரை அதனை வெளியேற்றும் வழி கிடையாது. எட்டும் நிறைந்தபின் அருமையான திறன் எதிரே வந்து நின்றாலும் அதற்கு இடமில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நீட்டப்படும் இரண்டில் ஒன்று பெரும்பாலும் ஏற்கெனவே கற்றதன் அடுத்த நிலையாக இருக்கும், மற்றது புதியது. புதியது பிடிக்கவில்லையெனில் பழையதை வளர்த்துத் தப்பிக்கலாம். ஆனால் கற்றவை யாவும் முதிர்வை எட்டிவிட்டால் நீட்டப்படும் இரண்டும் புதியவையாகவே வரும். அப்போது வேண்டாத ஒன்றை விழுங்கியே தீர வேண்டும். ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர் ஏதேனும் ஒரு திறனை அரைகுறையாகவே வைத்திருக்கப் பார்ப்பர். போதாக்குறைக்கு, காட்டு வழியே சூனியக்காரியின் குடிசைகள் வேறு உண்டு. உள்ளே நுழைந்தால் அவள் தன்னிடம் உள்ள ஒரு திறனைக் கூலியின்றிக் கற்பித்துவிடுவாள். இலவசமாயிற்றே என்று நுழைந்து, பயனற்ற திறனை அறையில் அடைத்துக்கொண்டு திரும்பியவர்கள் அநேகர்.

மந்திரம், சூனியம் என்னும் சொற்களைக் கேட்டதும் நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பதை நாம் அறிவோம். அவர்களோடு வாதாடுவது நமது நோக்கமன்று. ஜின்களும் மாயாவிகளும் நிறைந்த ஹம்ஸா கதைகளையும் கிஸ்ஸாக்களையும் மடியில் கிடந்து கேட்டு வளர்ந்தவர்கள்தாமே நாமெல்லாம் என்று மட்டும் நினைவூட்டி மேலே செல்வோம்.

புதிதாக ஆட வருவோர் முதலில் எதை எடுக்கின்றனர்? தாக்குதல், வில்வித்தை, அதிர்ஷ்டம். வீரன் என்றதும் வாளும் வில்லும் நினைவுக்கு வருவது இயல்பே. முதிர்ந்த தாக்குதல் திறன் கைகலப்பில் 30 விழுக்காடு கூடுதல் சேதம் விளைவிக்கும். முதிர்ந்த வில்வித்தை 50 விழுக்காடு. நல்ல எண்கள்தாம். ஆயினும் எதிரியிடம் சென்று சேர்ந்தவனுக்குத்தான் அவை பயன்படும். சென்று சேர உதவுவது ‘லாஜிஸ்டிக்ஸ்’ எனும் பயணத் திறன். இதன் பெயரைப் பார்த்துப் பிள்ளைகள் தொடக்கத்தில் ஏளனம் செய்தனர். வீரனுக்கு எதற்கு லாரி ஆபீசு வேலை என்றனர்.

நமது தமையனார் லாரி வைத்துத் தொழில் நடத்துபவர். லாரிகளுக்குக் கூடு கட்டும் பட்டறைகளும், எரிவாயு டாங்கர்களும், நாடெங்கும் செல்லும் முட்டை வண்டிகளும் நிறைந்த நாமக்கல்லில் இது வியப்பன்று. ஒரு மாலை அவர் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, “இவன் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம்ப்பா போவான்?” என்று வினவினார்.

“அது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி அத்தா” என்றான் மகன்.

“மாதிரின்னா? எதை வச்சு?”

மகனிடம் விடை இல்லை. தந்தையும் மகனும் அன்றிரவு அமர்ந்து கணக்கிட்டனர், நாமும் உடனிருந்தோம். கணக்கு இதுதான்: சமதளத்தில் ஒரு கட்டம் கடக்க 100 புள்ளிகள். வீரனுக்கு ஒரு நாளைக்குக் கிடைப்பவை 1500 முதல் 2000 புள்ளிகள். எத்தனை என்பதைத் தீர்மானிப்பது, அன்று காலையில் அவனுடன் நிற்கும் படையிலேயே மிக மெதுவாக நடக்கும் பிரிவு. கற்பொம்மைப் படையின் வேகம் 3. அது ஒன்று உடனிருந்தாலே 1500தான். வேகம் 11க்குக் குறையாத பிரிவுகளை மட்டும் அழைத்துச் சென்றால் 2000. முதிர்ந்த லாஜிஸ்டிக்ஸ் இதன்மேல் 30 விழுக்காடு கூட்டும். 1500இல் 30 விழுக்காடு கூட்டினால் 1950. அதாவது, அரிய அறையொன்றை இத்திறனுக்கு ஒதுக்கி மூன்று நிலைகளையும் கற்று முடித்த வீரன், கற்பொம்மைகளை இழுத்துக்கொண்டு நடந்தால், அத்திறனே இல்லாமல் விரைந்த படையோடு செல்பவனுக்குப் பின்தங்கியே நிற்கிறான்!

தமையனார் சிரித்தார். எந்தச் சுமையை எந்த வண்டியில் ஏற்றுவது என்பதே தமது முப்பதாண்டுத் தொழில் என்றார். அன்று முதல் பிள்ளைகள் மெதுவாக நடக்கும் பிரிவுகளைக் கோட்டைக் காவலுக்கு நிறுத்திவிட்டு எஞ்சியோரை மட்டும் கூட்டிச் செல்கின்றனர். அவ்வாறு செய்துகொண்டு லாஜிஸ்டிக்ஸையும் எடுத்தவனுக்கு ஒரு நாளைக்கு 26 கட்டம். மற்றவன் 15 கட்டம் போய்ச் சேருமுன் இவன் சுரங்கத்தைப் பிடித்துப் புதையலையும் எடுத்துவிடுகிறான்.

நிலத்தின் தன்மையும் கணக்கில் சேரும். மணலிலும் பனியிலும் ஒரு கட்டத்துக்கு 150 புள்ளி, சதுப்பில் 175. கல் பாவிய சாலையில் 50 போதும். ‘பாத்ஃபைண்டிங்’ என்னும் வழியறி திறன் கரடுமுரடான நிலத்தின் தண்டத்தைக் குறைக்கும். முதிர்ந்தால் சதுப்பும் புல்வெளி போலாகிவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டியவருக்கு அதன் அருமை தெரியும். அதே ஓட்டுநரைச் சேலத்திலிருந்து நாமக்கல் நோக்கி நெடுஞ்சாலையில் விட்டால் அந்தத் திறமைக்கு அங்கே என்ன வேலை? வரைபடம் முழுவதும் புல்தரையாக இருக்கையில் வழியறி திறனுக்கு ஓர் அறையைக் கொடுப்பது அறையை அடைத்து வைப்பதற்கு ஒப்பாகும். கடற்பயணத் திறனும் அப்படியே. முதிர்ந்தால் நீரில் 150 விழுக்காடு கூடுதல் பயணம் தரும் அது, கடலே இல்லாத நிலப்பரப்பில் வெறும் சித்திரம். நம் சேலம், நாமக்கல் சமவெளியின் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கச் சிரமமே இல்லை.

மகன் இதற்குள் ஒரு பட்டியலை மனப்பாடம் செய்திருந்தான். அனுபவசாலிகள் எங்கோ தொகுத்தது: முதலில் லாஜிஸ்டிக்ஸ், அடுத்து ஞானம், அடுத்து மண் மந்திரம் என்று வரிசை போகிறது. பட்டியல் பிழையென்று நாம் கூற மாட்டோம். ஞானம் இல்லாதவன் இரண்டாம் படிக்கு மேற்பட்ட மந்திரங்களைக் கற்க இயலாது. தன் நகரங்களுள் தான் விரும்பிய ஒன்றுக்கு நொடியில் திரும்பச் செய்யும் நகர்வாயில் மந்திரம் நான்காம் படியில் உள்ளது. அதைக் கற்க ஞானம் நடு நிலையிலாவது இருக்க வேண்டும். நகரத்தைத் தானே தேர்ந்துகொள்ள மண் மந்திரமும் நடு நிலையிலாவது இருக்க வேண்டும். இவ்வளவும் கூடிவிட்டால் அவனை வெல்வது கடினம். பட்டியல் சொல்லாமல் விட்டது ஒன்று: நகரத்து மந்திரக் கூடத்தில் எந்தெந்த மந்திரங்கள் கிடைக்கும் என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். ஓர் ஆட்டத்தில் மகன் பட்டியலின்படி அறைகளை நிரப்பிக்கொண்டு காத்திருந்தான். பிடித்த மூன்று நகரங்களிலும் அந்த மந்திரம் இல்லை. அவனுடைய தங்கை, தாக்குதலும் கவசமும் கற்ற முரட்டுத் தலைவனோடு நான்காம் வாரத்தில் அவன் கோட்டை வாயிலுக்கு வந்துவிட்டாள்.

தங்கையின் ஆட்டமுறை வேறு. அவள் ஒரு வீரனைப் பெரியவனாக்கி மற்றவர்களை மறந்துவிடுவதில்லை. மதுக்கடையில் 2500 பொன் கொடுத்தால் இன்னொரு வீரன் கிடைப்பான். எட்டு பேர்வரை வைத்துக்கொள்ளலாம். (ஆட்டத்தில் அந்த இடத்தின் பெயர் மதுக்கடைதான். அவள் அதைச் சத்திரம் என்றே சொல்கிறாள்.) அவர்களை வழிநெடுக ஒரு நாள் தொலைவுக்கு ஒருவராக நிறுத்தி, படையை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றிவிடுகிறாள். அவரவர் நடைப்புள்ளிகள் அவரவர்க்கு உரியவை. ஆகவே ஒரே நாளில் படை நான்கு நாள் தொலைவைக் கடந்துவிடுகிறது. டில்லி சுல்தானின் அஞ்சல் ஓட்டக்காரர்கள் மணி கட்டிய கோலோடு ஓடிவந்து அடுத்தவரிடம் ஓலையைக் கைமாற்றியதை இப்னு பதூதா வியந்து எழுதியுள்ளார், அதே முறைதான். தமையனாரோ, ஓட்டுநர் மாற்றி வண்டியை நிறுத்தாமல் ஓட்டும் கணக்கு என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

பட்டியல்களில் கடைசி வரிசையில் தள்ளப்படும் திறன்களுக்கும் அவளிடம் வேலை உண்டு. ‘எஸ்டேட்ஸ்’ எனும் வருவாய்த் திறன் முதிர்ந்தால் நாள்தோறும் 500 பொன் தரும். அது ஒரு சிற்றூர் மன்றத்தின் வருவாய்க்குச் சமம். படைத்தலைவனுக்கு அது வீண். ஊருக்குள் சுற்றி வரும் இரண்டாம் வீரனுக்கு அதுவே பொருத்தம். பிறர் கழித்த திறன்களை அவள் அத்தகைய சிறு வீரர்களின் அறைகளில் வைக்கிறாள். நமக்கு இந்தப் பிள்ளையின் ஆட்டத்தைக் காண்பதில் தனி மகிழ்ச்சி உண்டு. அண்ணன் வென்ற ஆட்டங்களே எண்ணிக்கையில் அதிகம் என்பதையும் நேர்மைக்காகக் குறிப்பிட வேண்டும்.

இவ்வாண்டு மகன் பத்தாம் வகுப்பை முடித்தான். அடுத்து எந்தப் பாடப்பிரிவு என்பதற்கு உறவினர் ஒவ்வொருவரும் ஒரு பட்டியலோடு வந்தனர். பெரிய மாமா ஒன்றைச் சொன்னார். வளைகுடாவில் பணிபுரியும் மச்சான் தொலைபேசியில் மற்றொன்றைச் சொன்னார். தமையனார் எல்லோருக்கும் தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, எவரையும் மறுக்காமல் கேட்டிருந்தார். எல்லோரும் சென்றபின் மகனை அழைத்து, “எந்த ரோட்டுல ஓட்டப்போற, அதைச் சொல்லு மொதல்ல. எஞ்சினை அப்புறம் பேசலாம்” என்றார். மகன் இரண்டு நாள் அவகாசம் கேட்டான். மூன்றாம் நாள் வணிகவியல் என்றான். அவனுடைய அம்மாவுக்கு இதில் இன்றும் முழு உடன்பாடில்லை. சேர்க்கைப் படிவத்தில் மட்டும் கையொப்பமிட்டார்.

விடுமுறை முடியுமுன் தொடங்கிய ஆட்டம் பாதியில் நிற்கிறது. ஞாயிறுகளில் மட்டும் தொடர்கிறார்கள். தங்கையின் தலைவனுக்கு ஏழு அறைகள் நிறைந்துவிட்டன. தலைமைத் திறனைத் தொடக்க நிலையிலேயே விட்டுவைத்து எட்டாவதைக் காத்து வருகிறாள். சென்ற வாரம் அவள் முன் நீட்டப்பட்டவை இரண்டு: தலைமையின் அடுத்த நிலை ஒன்று, கடற்பயணம் மற்றொன்று. அண்ணன் சிரித்தான். அவள் தலைமையை எடுத்தாள். அதனை இன்னும் ஒரே ஒரு முறைதான் உயர்த்த முடியும் என்பது அவளுக்குத் தெரியும்.