பெட்டிக்கு வயது என்ன?

ஒர்க்‌ஷாப்பில் ஃபைலிங் ஜாப் கொடுத்தால், 'எப்படா மணியடிப்பாங்க' என்று காத்திருக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன்தான். அப்படிப்பட்ட என்னை ஒரு பழைய பாட்டுப்பெட்டி மூன்று வாரம் தூங்கவிடாமல் செய்தது என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும் நண்பர்களே!

கோவையில் ஒரு பழைய சாமான் கடை. பெயர் வேண்டாம். அப்பா அங்கே இருபது வருடமாக சுமை தூக்குகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போவேன். துடைப்பது, எண்ணெய் விடுவது, துருப்பிடித்த பூட்டைத் திறப்பது... பஸ் காசுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் ஆகும்.

போன மழைக்காலத்தில் நீலகிரிப் பக்கம் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்து ஒரு லாரி சாமான் வந்து இறங்கியது. அதில் கைப்பிடி வைத்த ஒரு சின்னப் பெட்டி. துணிப்பெட்டி என்று நினைத்து அப்பா ஓரமாக வைத்துவிட்டார். திறந்து பார்த்தால் கிராமபோன்!

சினிமாவில் பார்க்கிற மாதிரி பூ போல விரிந்த குழாய் இதில் இல்லை. மூடியின் உள்பக்கம் வாணலி மாதிரி குழிந்த ஒரு உலோகக் கிண்ணம். சவுண்ட் பாக்ஸில் பிறக்கும் ஒலி டோன் ஆர்ம் வழியாக வந்து அந்தக் கிண்ணத்தில் மோதி நம் பக்கம் திரும்புகிறது. எவ்வளவு எளிமையான யோசனை! லேபிளில் 'டெக்கா' என்ற பெயர், கூடவே 'பார்னெட் சாமுவேல் அண்ட் சன்ஸ், லண்டன்' என்றும் இருந்தது.

விசாரித்தபோதுதான் அதன் பெருமை தெரிந்தது. 1914-ல், முதல் உலகப் போர் தொடங்கிய அதே வருடம், லண்டனில் வெளிவந்தது டெக்கா போர்ட்டபிள். மூடினால் பெட்டி, திறந்தால் பாட்டு. பிரான்ஸ் போர்முனைக்குப் போன பிரிட்டிஷ் அதிகாரிகளும் சிப்பாய்களும் இதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சேறும் குண்டுச் சத்தமுமாக இருந்த பதுங்குகுழிக்குள் இது பாடியது. அதனால்தான் இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் இதைப் 'பதுங்குகுழி டெக்கா' என்கிறார்கள். உண்மையான போர்க்கால பீஸ் என்றால் மதிப்பே தனி.

முதலாளி ஒரு சேகரிப்பாளருக்கு போன் போட்டார். "போர்க்காலத்தது என்றால் நாற்பதாயிரம். பிற்காலத்தது என்றால் பன்னிரண்டாயிரம். மூணு வாரம் கழிச்சு வர்றேன்" என்றாராம் அவர். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, நீ படிக்கிற பையன். உன் வாயால 'ஆமாங்க, சண்டைக் காலத்துப் பெட்டிதான்'னு ஒரு வார்த்தை சொல்லிடு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். என் வார்த்தைக்கு விலை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சந்தோஷப்படுவதா, பயப்படுவதா?

சரி, உண்மையிலேயே போர்க்காலத்தது என்றால் பிரச்சினையே இல்லையே! ஆராய ஆரம்பித்தேன். உங்கள் யாருக்காவது இப்படி ஒரு பெட்டி கிடைத்தால் உதவட்டும் என்று, நான் பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கிண்ணம். கிண்ணத்தைப் பார்த்ததும் 'போர்க்காலம்' என்று சொல்லிவிடக் கூடாது. போர் முடிந்த பிறகு 1920-களிலும் டெக்கா இதே கிண்ண வடிவத்தில் பெட்டிகள் செய்தது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

அடுத்து லேபிள். 1928-ல் அந்த நிறுவனம் 'டெக்கா கிராமபோன் கம்பெனி' என்ற பெயருக்கு மாறியது. நம் பெட்டியில் பார்னெட் சாமுவேல் பெயர்தான். எனவே 1928-க்கு முந்தியது. மனசுக்குள் ஒரு நம்பிக்கை!

மூன்றாவது, உலோகப் பூச்சு. குரோமியம் பூச்சு தொழிலில் பரவியது 1920-களின் பின்பாதியில். அது நீலம் கலந்த வெள்ளையாக மின்னும். நிக்கல் லேசான மஞ்சள் சாயல் காட்டும். நம்முடையது நிக்கல். இன்னும் கொஞ்சம் நம்பிக்கை!

உள்ளே இருந்த இசைத்தட்டுகளை நான் கணக்கில் எடுக்கவில்லை. தட்டு எப்போது வேண்டுமானாலும் வாங்கி வைத்திருக்கலாம் அல்லவா? கைப்பிடியில் இரண்டு ஸ்டார் ஸ்க்ரூ இருந்தது. அந்த மாதிரி ஸ்க்ரூ 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஆனால் அது பின்னால் யாரோ செய்த ரிப்பேர். அதை வைத்து பெட்டியின் வயதைச் சொல்லக்கூடாது.

அப்புறம்தான் மனசைக் கலக்கிய விஷயம் வந்தது. உள்ளே ஒரு சின்னத் தகட்டில் பேடண்ட் எண். ஆறு இலக்கம். பிரிட்டனில் 1915 வரைக்கும் ஒவ்வொரு வருடமும் பேடண்ட் எண்ணை ஒன்றிலிருந்து மறுபடி தொடங்குவார்கள். வருடத்தையும் சேர்த்து எழுதினால்தான் புரியும். 1916-லிருந்து ஒரே தொடர் வரிசை, அதுவும் 1,00,001-ல் ஆரம்பம். ஆக, ஆறு இலக்கம் என்றாலே 1916 அல்லது அதற்குப் பிந்தியது. 1914-ம் 1915-ம் அடிபட்டுப் போயின. ஆனாலும் போர் 1918 வரை நடந்ததே?

மோட்டாரைக் கழற்றினேன். ஸ்பிரிங் டிரம், பல்சக்கரங்கள், மூன்று குண்டுகள் வைத்த கவர்னர். வேகம் கூடினால் குண்டுகள் வெளியே விரிந்து பிரேக் மாதிரி இழுத்துப் பிடிக்கும். வகுப்பில் தூங்கிக்கொண்டே கேட்ட பாடம் என் கையில் சுற்றியது! அதன் தகட்டில் 'கேரார்ட்' என்று பொறித்திருந்தது.

போருக்கு முன் பிரிட்டன் கிராமபோன் மோட்டாருக்குப் பெரும்பாலும் ஜெர்மனியையும் சுவிட்சர்லாந்தையும் நம்பியிருந்தது. போர் வந்ததும் ஜெர்மன் சரக்கு நின்றது. 1915-ல் இறக்குமதி இசைக்கருவிகள் மீது 33⅓ சதவீத வரியும் விழுந்தது. கேரார்ட் இன்ஜினியரிங் தொடங்கியதும் அதே 1915-ல்தான். ஆனால் பாட்டுக்காக இல்லை, பீரங்கிகளுக்குத் தூரம் அளக்கும் கருவி செய்வதற்காக! போர் முடிந்த பிறகுதான் அவர்கள் கிராமபோன் மோட்டாருக்கு வந்தார்கள்.

'மோட்டாரைப் பின்னால் யாராவது மாற்றியிருக்கலாமே?' என்று என் மனசே எனக்கு வக்கீலாக வந்தது. அதையும் பார்த்தேன். மோட்டார் மாட்டியிருக்கும் பலகையில் ஒரே ஒரு செட் ஓட்டைதான். பழைய ஓட்டையை அடைத்த தடயம் எங்கேயும் இல்லை. பிறந்ததிலிருந்து அந்தப் பெட்டிக்கு அதே மோட்டார்தான்.

முடிவு: போருக்குப் பிந்தியது. 1928-க்கு முந்தியது. அந்தப் பெட்டி எந்தப் பதுங்குகுழியையும் பார்த்ததில்லை.

மூன்றாவது ஞாயிறு. சேகரிப்பாளர் வந்தார். முதலாளி, "நம்ம பையன் இன்ஜினியரிங் படிக்கிறானுங்க. அவனே சொல்லட்டும்" என்றார். வாசலில் அப்பா மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். அவருடைய இருபது வருடமும் என் தொண்டையில் வந்து நின்றது.

"தம்பி, நீங்க சொல்லுங்க. சண்டைக் காலத்ததா?"

"இல்லீங்க சார். மோட்டார் போருக்கு அப்புறம் வந்ததுங்க" என்றேன். பலகையைத் தூக்கிக் காட்டி, ஓட்டை வரைக்கும் விளக்கினேன். குரல் நடுங்கியது. வைவாவில் கூட அப்படி நடுங்கியதில்லை!

அவர் பன்னிரண்டாயிரத்தை எண்ணி வைத்துவிட்டுப் பெட்டியை எடுத்துப் போனார். முதலாளி சத்தம் போடவில்லை. "அடுத்த வாரத்துல இருந்து நீ வரவேண்டாம். படிப்பைப் பாரு" என்று மட்டும் சொன்னார். அப்பாவை ஒன்றும் சொல்லவில்லை. அதுவரைக்கும் நிம்மதி.

வீட்டுக்குப் போகும்போது அப்பா பேசவே இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். டீக்கடையில் நிறுத்தி எனக்கும் ஒரு டீ சொன்னார். திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீ போனவாரம் அந்தப் பலகையைக் கழட்டி வெச்சுட்டுப் போனியே, நானும் எடுத்துப் பாத்தேன். எனக்கு எழுத்துத்தான் தெரியாது கண்ணு. ஓட்டை தெரியும். ஒரே ஓட்டைதான்."

டீ ஆறுவதற்குள் இரண்டு பேரும் குடித்து முடித்தோம். இந்த செமஸ்டர் ரெக்கார்டு நோட்டுக்கு அப்பாதான் காசு கொடுத்தார்.

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்)