திரைக்குக் காப்பு

நூலியற்றுவார் முதற்கண் காப்புச் செய்யுள் அமைத்தல் தமிழ் மரபு. குழவியின் கையிற் காப்பணிதல் ஊர் வழக்கம். இக்காலத்தார் கணினிக்கும் ஒரு காப்பு வகுத்துத் ‘திரைக்காப்பு’ என்பர். அஃது எதனைக் காக்கின்றது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

பழைய கண்ணாடிக் குழாய்த் திரையில் ஒரே எழுத்து நெடுங்காலம் ஒளிருமாயின், ஆண்டுள்ள ஒளிர்பூச்சுத் தேய்ந்து, அவ்வெழுத்தின் நிழல் வடுவாய்ப் படியும். அதனை விலக்கவே, விசைப்பலகை தீண்டப்படாதபோது திரையை மறைத்தனர். ஃப்ரீபிஎஸ்டி அமைப்பினர் நெருப்பும் மழையும் விண்மீனும் பாம்பும் தோன்றும் காப்புகள் பல இயற்றினர். லினக்ஸின் எழுத்துத் திரையோ வெறும் இருளையே காட்டும். முன்னர் அது 10 நிமிஷத்தில் தானே இருண்டது. 2017-இல் வெளிவந்த 4.12-ஆம் பதிப்பின் கரு முதல், நாம் வேண்டினாலன்றி இருளாது.

வேண்டும் முறை எளிது. ‘செட்டெர்ம்’ என்னும் ஏவலில் ‘பிளாங்க்’ என்பதனோடு 0 முதல் 60 வரை நிமிஷக் கணக்கு இடலாம். 0 இட்டால் இருளே இல்லை. கணினியை மீளத் தொடங்கின் அவ்வமைப்பு ஒழியும். நிலைபெற வேண்டின், கருவைத் தொடங்கும் ஏவல் வரியில் ‘கன்சோல்பிளாங்க்’ என எழுதி விநாடிக் கணக்கு இடல் வேண்டும்.

இச்சிறு எண்ணால் விளைவது சிறிதன்று. சேலத்து ஜவ்வரிசி ஆலையிலும் நாமக்கல் கோழிப்பண்ணையிலும் பலர் உழைப்பின் கணக்கு இன்று கணினியில் உறைகின்றது. மின்வெட்டிற் பழகிய எம் நாட்டார்க்கு இருண்ட திரை நின்றுபோன பொறியாகத் தோன்றுதல் இயல்பே. விசையொன்றைத் தொட்டாற் போதும், எழுத்து மீளும்; அஃதறியாதார் மின்னை அணைப்பின், எழுதிக்கொண்டிருந்த கணக்குப் பாதியில் அறும். பொறி பழுதுற்று உரைக்கும் எச்சரிக்கையும் இருளின்பின் காணப்படாது போகலாம். மரக்காலால் மூடிய விளக்கிற்கு அது நிகர். ஆதலின், ஆள் காவல் உள்ள பொறிக்கு 0 இட்டு, ஓய்வில் திரையின் பொத்தானை மட்டும் அணைத்தல் நன்று.

பிறர் நடமாடும் இடத்தில் இருள் போதுமோ எனின், போதாது. எவர் விரல் பட்டாலும் அது விலகும். ஆண்டுக் கடவுச்சொல் கேட்கும் ‘விலாக்’ என்னும் பூட்டே வேண்டற்பாலது.

ஆகவே அன்பர்காள், திரைக்காப்புக் காப்பது கண்ணாடியையே. எழுத்தையும் உழைப்பையும் காத்தல் மாந்தர் கடனாம்.