அடிக்கணக்கு

அளவு கருவி பிழைபடுவது வியப்பன்று. அப்பிழை நமக்கு இனியதாயின் அதனை ஆராயாது விடுகின்றோமே, அதுவே வியப்பு. இவ்வுண்மையை யான் என் இல்லத்திலேயே கற்றேன்.

என் தந்தையார் சிதம்பரத்தில் தச்சுத்தொழில் புரிபவர். சென்ற ஆண்டு அவர்க்கு நீரிழிவு உண்டெனக் கண்ட மருத்துவர், நாடோறும் மாலையில் முக்கால் மணி நேரம் நடக்குமாறு பணித்தார். கடலூர்க்கு நாள்தோறும் புகைவண்டியிற் சென்று பயின்று மீளும் யான், உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, அடிகளை எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கி அவர் கையிற் கட்டினேன். "நாளொன்றுக்குப் பதினாயிரம் அடி, அப்பா! அது போதும்" என்றேன்.

மூன்று வாரம் தேர் வீதிகளைச் சுற்றி நடந்தார். பின்னர் ஒருநாள் மாலை பட்டறை வாயிலில் அமர்ந்திருக்கக் கண்டு வினவினேன். "எட்டாயிரம் இங்கேயே ஆகிவிட்டது, தம்பி! மீதி வீடு போய்ச் சேர்வதற்குள் வந்துவிடும்" என்றார். யானும் மகிழ்ந்தேன்.

மூன்று திங்கள் கழித்து இரத்தத்தைச் சோதித்தபோது சர்க்கரை முன்னிலும் மிகுந்திருந்தது. "நடக்கிறீர்களா?" என்றார் மருத்துவர். தந்தையார் பெருமிதத்தோடு கையை நீட்டிக் காட்டினார். அப்போது என் நெஞ்சில் முதன்முதலாக ஐயம் எழுந்தது.

அடுத்த சனிக்கிழமை பட்டறையில் அமர்ந்து நோக்கினேன். தந்தையார் நின்ற இடத்திலேயே நின்று இழைப்புளியால் பலகையை இழைத்தார். கால் பெயரவில்லை, கடிகாரத்தில் எண் ஏறிற்று. மாலையில் மரச்சட்டங்களை ஏற்றிய மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு இல்லம் வரை நடந்தார். கைகள் பிடியில் அசையாதிருந்தமையால் எண் ஏறக்குறைய நின்றே போயிற்று. "நின்றால் நடக்கிறேன் என்கிறது, நடந்தால் நிற்கிறேன் என்கிறது" என்று நகைத்தார் தந்தையார். எனக்கு நகை வரவில்லை.

இதன் காரணம் எளிது. கடிகாரத்துக்குக் கண் இல்லை. அதனுள் அமைந்த முடுக்கமானி மணிக்கட்டின் அசைவை மட்டுமே உணரும். ஒழுங்காக மீளமீள வரும் அசைவை அடியென்று கொள்ளும். தொலைவையோ, நம் உயரத்தைக் கொண்டு ஓரடியின் நீளத்தை ஊகித்து, அடித்தொகையோடு பெருக்கிச் சொல்லும். களைத்தவன் குறுகிய அடி வைப்பதை அஃது அறியாது. செயற்கைக்கோளின் துணைகொண்டு அளக்கும்போதும், இடைவிட்டுக் குறித்த புள்ளிகளை நேர்கோட்டால் இணைப்பதால் தெருவின் வளைவுகள் கணக்கிற் குறைந்துபோதல் உண்டு. பதினாயிரம் என்னும் எண்ணும் மருத்துவ ஆராய்ச்சியிற் பிறந்ததன்று. 1965ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியளவி ஒன்றின் பெயரால் பரவியது.

கடலூர்த் தேவனாம்பட்டினத்துக் கோட்டையின் வரலாறு அப்போது நினைவுக்கு வந்தது. 1690ஆம் ஆண்டில் ஆங்கிலக் கும்பினியார் அதனை மராட்டியரிடம் வாங்கியபோது, சுற்றிலும் பீரங்கிக் குண்டு சென்று விழும் எல்லை வரையுள்ள நிலமும் அவர்க்கே என்பது உடன்படிக்கை. குண்டு செல்லும் தொலைவு பீரங்கியைப் பொறுத்ததன்றோ? கும்பினியார் நெடுந்தொலைவு சுடவல்ல பீரங்கியையே தேர்ந்து சுட்டனர். எல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' எனப் பெயர் பெற்றன. வகுப்பில் இதனைக் கேட்டு யாங்கள் நகைத்ததுண்டு. ஆயின் யான் செய்தது வேறோ? மிதிவண்டி தள்ளிய அடிகள் விடுபட்டமை அன்றே தெரிந்திருந்தால் கடிகாரத்தைப் பழித்திருப்பேன். பட்டறையில் நடவாத அடிகள் ஏறியபோதோ, அதனை நம்பி மகிழ்ந்தேன். நூல் பிசகாது மரம் அறுக்கும் தந்தையாரும் தம்மை அளக்கும்போது அப்பிசகைக் காணவில்லை. நமக்குச் சாதகமாகத் தாழ்கின்ற தராசு கள்ளத் தராசென்று நமக்குத் தோன்றுவதில்லை.

கையுழைப்பும் உழைப்பே, ஆயினும் மருத்துவர் கேட்டது காலுழைப்பு. இப்போது யான் புகைவண்டியிலிருந்து இறங்கியதும் தந்தையாரோடு நான்கு தேர் வீதிகளையும் சுற்றி நடக்கின்றேன். ஒரு சுற்று முடியுந்தோறும் அவர் சட்டையின் இடப்பையிலிருந்து ஒரு மரச்சில்லை எடுத்து வலப்பையில் இடுகின்றார். கடிகாரம் அவர் கையில் இன்னும் இருக்கிறது. மணி பார்ப்பதற்கு மட்டும் அதனைக் கொள்கின்றார். அடுத்த சோதனை வரும் திங்களில். இம்முறை அவர் மருத்துவரிடம் கையை நீட்டிக் காட்ட வேண்டியதில்லை.