பாட்டியார் சொல்லிய செபம்

சாயர்புரத்துக் கல்லூரியில் தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர்ந்த முதலாண்டில் எமக்குண்டான செருக்கை நினைத்தால் இப்பொழுது நாணம் மிகுகின்றது. நன்னூலிற் சில சூத்திரங்கள் மனனமான அளவிலே, பிறர் வாய்ச்சொல்லிற் குற்றங் காணும் நோய் எம்மைப் பற்றிக்கொண்டது. விடுமுறைக்குப் புன்னைக்காயல் சென்ற எமக்கு முதலில் அகப்பட்டவர் எம் பாட்டியாரே.

அந்திப்பொழுதிற் செபமாலை தொடங்குங்கால், பாட்டியார் 'இஸ்பிரீத்து சாந்து' என்றே சொல்லுவார். 1962 முதல் 1965 வரை கூடிய வத்திக்கான் சங்கத்தின் பின்னர்ப் பூசையும் தமிழிலாயிற்று; செபங்களும் திருந்தி, 'தூய ஆவி' என்னும் வழக்கு ஊன்றிவிட்டது. பாட்டியார் மட்டும் மாறினாரில்லை.

"பாட்டி, அது தமிழன்று, பறங்கியர் சொல்" என்றோம்.

"எங்கம்மா இப்படித்தான் சொல்லித் தந்தா, எய்யா. அவ சொன்னது சாமிக்கு விளங்கிச்சே. நான் சொன்னா விளங்காதாக்கும்?" என்று கூறிவிட்டு மணியை உருட்டலானார். எம் வாய் அடங்கிற்று, மனம் அடங்கவில்லை.

பின்னர் உரைநடை வரலாறு பயிலும்பொழுது, அந்த ஊரே எம் பாடத்துள் வந்து நின்றது. 1578-இற் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்கச் சிறுநூலைத் தமிழிற் செய்தவர் அண்டிரிக் பாதிரியார். அவர் நெடுங்காலம் வாழ்ந்த ஊர் புன்னைக்காயல். போர்ச்சுகல் நாட்டிற் பிறந்து, முத்துக்குளிக்கும் மக்களிடமே தமிழ் கற்று, அவர்கள் மொழிக்கு இலக்கணமும் வகுத்தவர் அவர். யாம் பிழை கண்ட பேச்சு அவருக்கு ஆசிரியர்களாயிருந்தோர் வழிவந்த பேச்சன்றோ!

அவர்க்கு முன்னதான செய்தி எம்மை இன்னும் நெடுநேரம் நிறுத்திவைத்தது. கடற்கரைப் பரதவர் 1536-ஐ அடுத்துத் திருமுழுக்குப் பெற்றனராயினும், வேதம் கற்பிப்பார் இன்றி இருந்தனர். 1542-இல் வந்த சவேரியார்க்குத் தமிழ் தெரியாது. இருமொழியும் அறிந்தாரைக் கூட்டிச் செபங்களைத் தமிழாக்கி, அவற்றைத் தாமும் மனனஞ் செய்து, கைம்மணியை ஒலித்துத் தெருத்தெருவாய்ச் சென்று பிள்ளைகளைத் திரட்டினார். 1544 சனவரியில் அவர் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் இவையெல்லாம் உள. கற்ற பிள்ளைகள் தத்தம் தாய் தந்தையர்க்கும் அயலார்க்கும் கற்பிக்க வேண்டுமென்றாராம். நோயாளிகள் பலரும் ஒருங்கே அழைத்தமையால், தாம் போகவியலாத வீடுகளுக்குச் செபம் அறிந்த பிள்ளைகளையே அனுப்பினாராம்.

முதியோர் வாயிலாகவே விசுவாசம் இறங்கி வந்ததென்று எண்ணியிருந்த எமக்கு இது வியப்பாயிருந்தது. இக்கரையில் அன்று சிறுவர் சொல்ல முதியோர் கேட்டனர். அச்சிறுவர் முதியோராகித் தம் மக்களுக்குச் சொல்லினர். அவ்வரிசையின் கடைக்கோடியில் வந்து நின்று, யாம் சொல்லிலக்கணம் பேசினோம்.

சாயர்புரம், போப்பையர் 1842-இல் வந்து தங்கிப் பணிபுரிந்த சீர்திருத்தச் சபையார் ஊர். செபமாலைக் கதையைச் சொன்னால் விடுதித் தோழர் நகைப்பரோ என அஞ்சினோம். நகைத்தாரில்லை; ஒருவர் தம் தாத்தா பழைய வேதாகமத்தைக் காணாமற் சொல்லும் அழகை இரவு பத்து மணிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர்க்கும் எம்மைப்போல் ஒரு குற்றம் நெஞ்சில் உறுத்தியிருக்கும் போலும்.

சென்ற மார்கழியிற் பாட்டியார் படுக்கையில் விழுந்தார். மக்கள் பெயர் மறந்தது. எம்மைத் தம் தமையனார் பெயரால் அழைத்தார். செபமாலை கையில் இருந்தது. தொடக்கம் மட்டும் நினைவுக்கு வரவில்லை. மணியைத் தடவியபடி விழித்திருந்தார். யாம் அருகில் அமர்ந்து, அவர் சொல்லும் பழைய முறையிலேயே, 'இஸ்பிரீத்து சாந்து' என்றே சொல்லித் தொடங்கினோம். சற்றே பிந்தி அவர் உதடுகளும் உடன்வந்தன.

மூன்றாம் மணியில் யாம் ஒரு சொல்லைத் தவறவிட்டோம். பாட்டியார் கண்ணைத் திறவாமலே அதனை எடுத்துக்கொடுத்தார்.